ஹவொர்த்தின் கடைசிக் குளிர்காலம்: சார்லட் பிராண்ட்டேயும் ஒரு சாதாரண நோயும்

1855 மார்ச் 31 அன்று, இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் உள்ள ஹவொர்த் என்னும் மலையூரில், 'ஜேன் அயர்' நாவலை எழுதிய சார்லட் பிராண்ட்டே இறந்தார். முப்பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு மூன்று வாரங்கள் மீதமிருந்தன. இறப்புச் சான்றிதழில் காரணமாகக் குறிக்கப்பட்டது ஒரே சொல்: காசநோய். அந்தக் குடும்பத்திற்கு அது பழகிப்போன சொல். மூத்த சகோதரியர் மரியாவும் எலிசபெத்தும் 1825இல் போயினர். தம்பி பிரான்வெல் 1848 செப்டம்பரிலும், 'வுதரிங் ஹைட்ஸ்' எழுதிய எமிலி அதே ஆண்டு டிசம்பரிலும், கடைக்குட்டி ஆன் 1849 மே மாதத்திலும் போயினர். எஞ்சியிருந்த ஒரே பிள்ளையையும் அதே நோய்தான் கொண்டுபோயிற்று என்று எழுதும்போது எவருக்கும் ஐயம் எழுந்திராது.

ஆனால் அவர் கடைசி மூன்று மாதங்களில் படுக்கையில் இருந்தபடி எழுதிய கடிதங்களைப் படிப்பவருக்கு அந்த ஒற்றைச் சொல் போதாது என்று தோன்றும். அக்கடிதங்களில் வாந்தி இருக்கிறது, மயக்கம் இருக்கிறது, உணவும் நீரும் தங்காத வயிறு இருக்கிறது. அவர் அப்போது கருவுற்றிருந்தார். 1972இல் மகப்பேறு மருத்துவர் பிலிப் ரோட்ஸ், பிராண்ட்டே குடும்பத்தாரின் நோய்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில், கர்ப்பகால மிகைவாந்தியே சார்லட்டின் உயிரைப் பறித்தது என்ற முடிவுக்கு வந்தார். மருத்துவ நூல்கள் 'ஹைப்பர்எமெசிஸ் கிராவிடாரம்' என்று அழைக்கும் நோய் அது. நாம் வீட்டில் மசக்கை என்று புன்னகையோடு சொல்லும் ஒன்றின் கொடிய வடிவம்.

இலக்கிய வரலாற்றில் இது ஓர் அடிக்குறிப்பாகவே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அந்த அடிக்குறிப்பைச் சற்று விரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

சார்லட்டின் மணவாழ்வு ஒன்பது மாதங்களே நீடித்தது. தந்தை பாட்ரிக் பிராண்ட்டேயின் உதவிக் குருவாக இருந்த ஆர்தர் பெல் நிக்கல்ஸ் 1852 டிசம்பரில் தம் விருப்பத்தைத் தெரிவித்தபோது, கிழவர் வெகுண்டெழுந்தார். நிக்கல்ஸ் ஊரை விட்டே போக நேர்ந்தது. கடிதப் போக்குவரத்தும் காலமும் அந்தச் சினத்தை மெல்லக் கரைத்தன. 1854 ஜூன் 29 அன்று திருமணம். தந்தை கடைசி நேரத்தில் தேவாலயத்திற்கு வர மறுக்க, முன்னாள் ஆசிரியை மார்கரெட் வூலர்தான் மணமகளைக் கைப்பிடித்துக் கொடுத்தார். பின்னர் வேல்ஸ், அயர்லாந்து என்று பயணம். திரும்பி வந்தபின் சார்லட்டின் உடல்நிலை நன்றாகவே இருந்தது.

நவம்பரில் கணவரோடு அருவி காணச் சென்று, திரும்பும் வழியில் மழையில் நனைந்தார். சளி பிடித்தது. 1855 ஜனவரியில் காஃதோர்ப் மாளிகைக்கு விருந்தினராகச் சென்றபோது, ஈரத்தரையில் நீண்ட தூரம் நடந்ததில் அது நீடித்தது. ஜனவரி 19 அன்று பள்ளித் தோழி எலன் நஸ்ஸிக்கு எழுதிய கடிதத்தில்தான் புதிய செய்தி வருகிறது. ஏறத்தாழப் பத்து நாட்களாக வயிறு திடீரென்று வலுவிழந்துவிட்டது என்றும், செரியாமையும் ஓயாத குமட்டலும் வாட்டுகின்றன என்றும் எழுதுகிறார். உடனே, இப்போதே எதையும் ஊகித்துக்கொள்ளாதே என்று தோழியைத் தடுக்கிறார். அந்தத் தடுப்பிலேயே சொல்ல வந்தது தெரிந்துவிடுகிறது.

அதன்பின் நிலைமை விரைவாகச் சரிந்தது. பிராட்ஃபோர்டிலிருந்து மருத்துவர் மக்டர்க் வரவழைக்கப்பட்டார். நோய் சில காலம் நீடிக்கும், உடனடி ஆபத்து ஏதுமில்லை என்பது அவர் கருத்து. கர்ப்பத்தின் இயல்பான உபாதை, பொறுத்துக்கொண்டால் சரியாகும் என்பதே அதன் பொருள். அந்தக் காலத்து மருத்துவர் ஒருவரிடம் இதைவிட வேறு எதிர்பார்க்க முடியாது. கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர்க்குக் குமட்டல் வரும். பெரும்பாலும் மூன்று மாதம் கழிந்தால் தணிந்துவிடும். அந்தப் பெரும்பான்மையின் அனுபவமே, சிறுபான்மையாகிய ஒருத்தியின் தலைமாட்டில் ஆறுதல் சொல்லிக்கொண்டு நின்றது.

பிப்ரவரியில் அவர் எழுதிய சில குறிப்புகள் பென்சிலால் கிறுக்கப்பட்டவை. மை தொட்டு எழுத உட்கார முடியவில்லை. வாந்தியோடு இரத்தமும் கலந்து வருவதை ஒரு தோழிக்கு மறைக்காமல் தெரிவிக்கிறார். இரவுகள் சொல்லில் அடங்காதவை என்கிறார். பிறக்கப்போகும் குழந்தையைச் சொல்லித் தேற்ற முயன்ற பணிப்பெண் மார்த்தாவிடம், என்றேனும் மகிழக்கூடும், இப்போது அதற்குத் தெம்பில்லை என்ற பொருளில் பதிலளித்ததாக எலிசபெத் காஸ்கெல் தம் வரலாற்று நூலில் பதிவுசெய்கிறார். பிப்ரவரி 17 அன்று, பிள்ளைப் பருவம் முதல் அந்த வீட்டைக் காத்த முதிய பணியாள் டாபி இறந்தார். அதே நாளில் சார்லட் தம் உயிலில் கையெழுத்திட்டார். முன்பு செய்த திருமண ஒப்பந்தத்தின் கட்டுகளைத் தளர்த்தி, எல்லாவற்றையும் கணவருக்கே விட்டுச்செல்லும் உயில் அது. மருத்துவர் ஆபத்தில்லை என்று சொல்லி மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை. படுத்திருந்தவருக்கு நிலைமை தெரிந்திருக்கிறது.

மார்ச் மூன்றாம் வாரத்தில் ஒரு மாற்றம். வாந்தி நின்றது. நினைவு தடுமாறிப் பிதற்றல் தொடங்கிற்று. பிதற்றலுக்கிடையே உணவு கேட்டார், கொடுத்ததை ஆவலோடு உண்டார் என்கிறார் காஸ்கெல். அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது.

*

அந்த உடலுக்குள் நிகழ்ந்தது என்ன என்பதை இன்றைய அறிவைக் கொண்டு ஓரளவு விளக்க முடியும்.

கருவுற்ற உடலில் முதல் மாதங்களிலேயே இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. அதனால் இரத்த அழுத்தம் இயல்பாகவே சற்றுக் குறைகிறது. விரிந்த குழாய்களை நிரப்ப உடல் நீரையும் உப்பையும் சேமித்து இரத்தத்தின் அளவைப் பெருக்கத் தொடங்குகிறது. கர்ப்பத்தின் பிற்பகுதிக்குள் அது ஏறத்தாழப் பாதி மடங்கு கூடிவிடும். ஆறு அகலமாகும்போதே நீர்வரத்தும் பெருகுவது போன்ற ஏற்பாடு இது. அந்த வேளையில் குடித்த நீரெல்லாம் வெளியேறினால் என்ன ஆகும்? அகன்ற ஆற்றில் நீர் வற்றும். இரத்தத்தின் கன அளவு குறைந்து அழுத்தம் இன்னும் தாழும். படுத்திருப்பவர் எழுந்து நின்றால் மூளைக்குப் போதிய இரத்தம் ஏறாமல் கண் இருண்டு சாய்வார். இதயம் குறைந்த இரத்தத்தைக் கொண்டே வேலையை முடிக்க விரைந்து துடிக்கும். சிறுநீர் குறைந்து கருமஞ்சளாகும். வாந்தியோடு வயிற்று அமிலம் போகிறது, பொட்டாசியமும் குறைகிறது. தசைகள் சோர்ந்து இதயத்தின் தாளமே பிறழக்கூடும். உணவில்லாத உடல் தன் கொழுப்பையும் தசையையும் எரிக்கும். வாரக்கணக்கில் இது நீடித்தால் பி1 வைட்டமின் தீர்ந்து, பார்வை தடுமாறி, நடை தள்ளாடி, மனம் குழம்பும். அந்த மூளைக் கோளாறை ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே 1881இல்தான் விவரித்தார்.

சார்லட்டின் கடிதங்களில் குமட்டலுக்கு இணையாகத் திரும்பத் திரும்ப வரும் மயக்கத்தை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். ஐந்தடிக்கும் குறைவான உயரம் கொண்ட மெலிந்த பெண் அவர். இழக்கக்கூடிய நீரின் இருப்பே அவரிடம் குறைவு. அதை அளக்கவும் அன்று கருவியில்லை. கையில் பட்டை சுற்றி இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை இத்தாலியின் ரிவா-ரொச்சி 1896இல்தான் அமைத்தார். அதைக் காதால் கேட்டு அளக்கும் முறையை ரஷ்யாவின் கொரொட்காஃப் 1905இல் தந்தார். 1855இல் மருத்துவரிடம் இருந்தது நாடியில் வைத்த விரல் மட்டுமே.

நோயின் கொடிய வடிவம் அக்காலத்தில் அறவே அறியப்படாதது என்றும் சொல்வதற்கில்லை. 1852இல் பாரிஸின் மகப்பேறு மருத்துவர் பால் துபுவா, பதின்மூன்று ஆண்டுகளில் தாம் அறிந்த வரையில் கர்ப்பகால வாந்தியால் இருபது பெண்கள் இறந்ததை பிரெஞ்சு மருத்துவக் கழகத்தின் முன் எடுத்துரைத்தார். தாயைக் காக்கக் கர்ப்பத்தைக் கலைப்பது முறையா என்ற விவாதம் அங்கே சூடாக நடந்தது. சார்லட் இறந்தபின் ஹவொர்த் ஊரார் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் காஸ்கெல், தமக்கு முன்பே தெரிந்திருந்தால் நேரில் வந்து, பிறர் சினந்தாலும், உயிர்காக்க இன்றியமையாததைச் செய்யச் சார்லட்டை இணங்கவைத்திருக்கலாமே என்று வருந்துகிறார். அந்த மறைபொருளை ஆய்வாளர் பலர் கருக்கலைப்பு என்றே வாசிக்கின்றனர். மான்செஸ்டரில் வாழ்ந்த அந்தப் பாதிரியார் மனைவிக்கு, இது உயிரோடு விளையாடும் நோய் என்பது தெரிந்திருந்தது.

*

நம்மை மிகவும் உறுத்துவது வேறொரு செய்தி. சார்லட்டுக்குத் தேவைப்பட்ட மருந்து அவர் இறப்பதற்கு இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்பே, அதே தீவில், ஒருவர் கையில் இருந்தது.

1831இன் இறுதியில் காலரா பிரிட்டனை அடைந்தது. இருபத்திரண்டு வயது ஐரிஷ் மருத்துவர் வில்லியம் புரூக் ஒஷானசி நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து, அதில் நீரும் உப்பும் பெருமளவு குறைந்திருப்பதைக் காட்டினார். இழந்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். அதைச் செய்து பார்த்தவர் எடின்பரோவை ஒட்டிய லீத் துறைமுகத்தின் மருத்துவர் தாமஸ் லாட்டா. 1832 மே மாதத்தில், மற்றவர் கைவிட்ட ஒரு முதிய பெண்ணின் நரம்பில் உப்புநீரைச் செலுத்தினார். ஏறத்தாழ மூன்றரை லிட்டர் உள்ளே போயிற்று. குழிவிழுந்த கண்கள் ஒளிபெற்றன. காணாமற்போன நாடி திரும்பிற்று. நோயாளி ஆபத்தைக் கடந்துவிட்டதாக எண்ணி லாட்டா அவ்விடம் விட்டு அகன்றார். கழிச்சல் மீண்டும் தொடங்கிச் சில மணி நேரத்தில் அவர் இறந்தார். மறுபடி செலுத்தியிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று லாட்டா உணர்ந்தார். அடுத்தடுத்த நோயாளிகளில் சிலர் பிழைத்தும் போயினர்.

லாட்டா 1833இல் மறைந்தார். ஒஷானசி இந்தியாவுக்குப் பணிக்குப் போய், இந்நாட்டில் தந்திக் கம்பி அமைத்தவராகவே வரலாற்றில் பெயர் பெற்றார். தூய்மை செய்யாத நீர், சாகும் தறுவாயில் மட்டும் செய்த முயற்சி, ஒருமுறை செலுத்திவிட்டு நிறுத்தியது ஆகிய காரணங்களால் பலர் இறக்க, முறையே பழிக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. காலரா பிரிட்டனுக்கு மீண்டும் மீண்டும் வந்தது. சார்லட் மணம்புரிந்த 1854லும் லண்டனில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. உப்புநீரை நரம்பில் ஏற்றுவது இருபதாம் நூற்றாண்டில்தான் மருத்துவமனைகளின் அன்றாட வழக்கமாயிற்று. அதன் பயன் எண்ணிக்கையிலேயே தெரிகிறது. பிரிட்டனில் 1930களில் பத்து லட்சம் பிரசவங்களுக்கு 159 பெண்கள் இந்நோயால் இறந்தனர். 1950களில் அது 3 ஆகக் குறைந்தது.

சார்லட்டின் மரணத்துக்கு வேறு விளக்கங்களும் உண்டு. பாட்ரிக் பிராண்ட்டே முன்னின்று எழுப்பிய முறையீட்டின் பேரில் ஹவொர்த்தின் சுகாதாரத்தை ஆராய்ந்த பெஞ்சமின் ஹெர்ஷல் பாபேஜ், 1850இல் தந்த அறிக்கை, அவ்வூரில் இறப்போரின் சராசரி வயது 25.8 என்றும், நூற்றுக்கு 41.6 பேர் ஆறு வயதுக்குள் இறக்கின்றனர் என்றும் சொல்லிற்று. நிரம்பி வழியும் இடுகாட்டின் கசிவும் கழிவும் கலந்த குடிநீர் ஊர் அது. டாபியும் அதே காலத்தில் இறந்ததால் டைஃபாய்டு போன்ற குடல் நோயாக இருக்கலாம் என்பர் சிலர். காசநோயும் பின்னணியில் இருந்திருக்கலாம். உடற்கூறு ஆய்வு செய்யப்படாத நிலையில் இறுதித் தீர்ப்பு எழுத இயலாது. ஆயினும் எந்த விளக்கத்தை ஏற்றாலும், நீர் இழந்த உடலுக்கு நீரைத் திருப்பித்தர எவராலும் முடியவில்லை என்ற உண்மை மாறுவதில்லை.

*

உப்புநீர் வந்தபின் சாவு குறைந்தது. நோயாளியின் சொல்லுக்கு மதிப்புக் கூடிற்றா என்றால், இல்லை. சாவு குறைந்ததே ஒரு வகையில் அலட்சியத்துக்கும் வழிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், மிகையாக வாந்தியெடுக்கும் பெண் உள்மனத்தில் கருவை வெறுக்கிறாள் என்ற உளவியல் விளக்கம் மருத்துவ நூல்களில் செல்வாக்குப் பெற்றிருந்தது. உறவினரைப் பார்க்கவிடாமல் தனிமையில் வைப்பதும், வாந்தியெடுக்கப் பாத்திரம் கொடுக்காமல் விடுவதும்கூடச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்பட்டன.

1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, கர்ப்பகாலக் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்டது. 1961 நவம்பரில் அது திரும்பப் பெறப்படும் முன், உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் குறைப்பட்ட கைகால்களோடு பிறந்தன. அதன்பின் கர்ப்பிணிக்கு எந்த மருந்தையும் தருவதற்கு மருத்துவர் அஞ்சினர். அஞ்சியது நியாயம்தான். ஆனால் அந்த அச்சத்தின் விலையையும் படுக்கையில் கிடந்தவர்களே கொடுத்தார்கள்.

மார்லீனா ஃபெய்ஸோ என்னும் அமெரிக்க மரபியலாளர் 1999இல் இந்நோயால் வாரக்கணக்கில் எதையும் விழுங்க முடியாமல் கிடந்து கருவை இழந்தார். அவர் கவனம் ஈர்க்க மிகைப்படுத்துவதாகவே அவருடைய மருத்துவர் கருதியிருந்தார். ஃபெய்ஸோ அதன்பின் இந்நோயின் காரணத்தைத் தேடுவதையே வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார். 2018இல் அவருடைய மரபணு ஆய்வு ஜிடிஎஃப்15 என்ற புரதத்தைச் சுட்டியது. 2023 டிசம்பரில் 'நேச்சர்' இதழில், கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் ஓ'ராஹிலியோடும் ஸ்காட்லாந்து, அமெரிக்கா, இலங்கை ஆய்வாளர்களோடும் இணைந்து வெளியிட்ட கட்டுரை விளக்கத்தை முழுமையாக்கியது. வளரும் கருவும் நச்சுக்கொடியும் இந்த ஹார்மோனைத் தாயின் இரத்தத்தில் பெருமளவு சேர்க்கின்றன. அது மூளையின் வாந்தி மையத்தைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன் இது குறைவாக இருந்த பெண்களின் உடல், திடீர்ப் பெருக்கைத் தாங்காமல் மிகுதியாக எதிர்வினை காட்டுகிறது. தலசீமியா உடையவர்களிடம் இது எப்போதும் மிகுந்திருப்பதால், அவர்களுக்குக் குமட்டல் மிகக் குறைவு. மனத்தின் வெறுப்புக்கு இந்த வரலாற்றில் இடமேயில்லை.

*

தமிழ் கற்பிப்பவர்களாகிய நமக்கு இந்த இடத்தில் நம் சொற்கள் நினைவுக்கு வருகின்றன. தொல்காப்பியத்தின் உரியியல் 'வயா' என்பதற்கு வேட்கைப் பெருக்கம் என்று பொருள் கூறும். வயவு கொண்ட மகளிர் விரும்பி மண் தின்னும் செய்தி புறநானூற்றில் உண்டு. பழந்தமிழ் கண்டது விழைவை. பின்னால் வந்த 'மசக்கை'யோ, மங்குதல், மயங்குதல் என்று பொருள்படும் 'மசங்கு' என்னும் வினையோடு தொடர்புடையது. மாங்காயும் புளியும் கேட்கும் மசக்கையை நம் கதைகளும் திரைப்படங்களும் போதுமான அளவு பாடிவிட்டன. அச்சொல்லுக்குள்ளேயே இருக்கும் மயக்கத்தை நாம் கேட்கத் தவறிவிட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் முதுகலை வகுப்பு மாணவி ஒருவர் மூன்றாம் மாதத்தில் தொடர்ந்து விடுப்பு எடுத்தார். ஒருநாள் வந்தவர் வகுப்பறை வாயிலில் எழுந்து நிற்க முடியாமல் சரிந்தார். இரண்டு நாட்களாகத் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றார். ஆசிரியர் அறையில் அமர்ந்திருந்த நாம் சொன்னது, இதெல்லாம் எல்லோருக்கும் வருவதுதானே அம்மா, எலுமிச்சம்பழம் முகர்ந்து பார் என்பது. நல்லெண்ணத்தில் சொன்னதுதான். மக்டர்க்கும் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அன்று மாலையே அந்த மாணவியின் மாமியார் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். மூன்று நாட்கள் சலைன் ஏற்றினார்கள். பிழைத்தார், பிள்ளையும் பெற்றார், தேர்வும் எழுதினார். அந்த அம்மையார் 'ஜேன் அயர்' படித்தவரல்லர். மருமகளின் நாக்கு வறண்டிருப்பதையும், காலையிலிருந்து அவர் சிறுநீர் கழிக்கவில்லை என்பதையும் கவனித்தவர், அவ்வளவே.

மிகைவாந்தி ஆயிரத்தில் மூவர் முதல் நூற்றில் மூவர் வரையே தாக்குகிறது. ஒரு நாள் முழுதும் நீர் தங்காதபோதும், சிறுநீர் குறைந்து கருக்கும்போதும், எழுந்தால் கண் இருளும்போதும் அது மசக்கை என்ற சொல்லின் எல்லையைக் கடந்துவிட்டது. அதற்குமேல் வேண்டியது மருத்துவமனை.

சார்லட் 'எம்மா' என்ற பெயரில் ஒரு நாவலைத் தொடங்கி இரண்டு அத்தியாயங்களோடு விட்டிருந்தார். தாக்கரேயின் முன்னுரையோடு 1860இல் 'கார்ன்ஹில்' இதழில் அது வெளிவந்தது. ஆறு பிள்ளைகளையும் புதைத்த பாட்ரிக் பிராண்ட்டே 1861இல், எண்பத்துநான்காம் வயதில் இறந்தார். மருமகனே அதுவரை அவரைப் பேணினார். நிக்கல்ஸ் 1906 வரை வாழ்ந்தார். உப்புநீர் ஏற்றும் வழக்கம் மருத்துவமனைகளுக்குள் மெல்ல நுழைந்த காலம் அது. தம் மனைவியின் கடைசி வாரங்களோடு அதைச் சேர்த்து நினைக்க அவருக்கு வாய்த்ததோ என்னவோ. நமக்கு வாய்த்திருக்கிறது.